வீணையும் ஏற வேண்டும், மாமியும் ஏற வேண்டும்

2023 ஓகஸ்ட் 29ஆம் தேதி, அதிகம் புகை விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் எல்லை லண்டன் மாநகரம் முழுவதற்கும் விரிந்தது. அன்றிலிருந்து ஹரோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற டீசல் எஸ்டேட்டை, அதாவது பின்பக்கம் நீண்டு சாமான் இடம் பெருத்த காரை, வெளியே எடுத்தாலே நாளுக்கு 12 பவுண் 50 பென்ஸ். நிறுத்தியே வைத்திருந்தால் காசில்லை, ஓட்டினால்தான். பால் வாங்கப் போனாலும் அதே காசு, பிரைட்டன் போய் வந்தாலும் அதே காசு. அதைவிட மோசம், கணக்கு நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. நம்மவர் கலியாண வரவேற்பு எது பதினொரு மணிக்கு முன் முடிந்திருக்கிறது? சாப்பாட்டுக்கு இருந்து, படம் எடுத்து, வாசலில் நின்று இன்னும் அரை மணி நேரம் கதைத்துவிட்டு 12:30க்கு வீடு திரும்பினால் அது இரண்டு நாள். 25 பவுண். வருடத்தில் நத்தார் தினம் ஒன்றுக்குத்தான் விலக்கு. அன்றைக்கு எங்கே போவது?

எங்கள் கார் 2012ஆம் ஆண்டுப் பதிவு, ஐரோப்பியப் புகை விதியில் யூரோ 5. டீசல் என்றால் யூரோ 6 வேண்டும், அதாவது ஏறக்குறைய 2015 செப்டெம்பருக்குப் பின் பதிவானவை. பெற்றோலுக்கு யூரோ 4 போதும். அதனால் 2006இல் வந்த ஒரு பெற்றோல் கார் சும்மா போகும், அதைவிட ஆறு வயது இளைய என் கார் காசு கட்ட வேண்டும். டீசல் புகையில் வரும் நைதரசன் ஒக்சைட்டுகள்தான் காரணம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2001இல் இதே நாடுதான் கரியமில வாயுவின் அளவைப் பார்த்து வீதி வரி போடத் தொடங்கி, எல்லோரையும் டீசல் பக்கம் தள்ளிவிட்டது. அந்தக் கதையை இப்போது பேசிப் பயனில்லை. பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் 2,000 பவுண் தரும் திட்டம் அந்த ஓகஸ்டில் எல்லா லண்டன்வாசிகளுக்கும் திறந்தது. வெளிச்சந்தையில் என் காருக்கு அவ்வளவு கிடைத்திருக்காது. கொடுத்துவிட்டேன்.

சரி, அடுத்தது என்ன? கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: எஸ்.யூ.வி. வாங்கு. கோயில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சுற்று நடந்து பார்த்தால் ஏன் என்று தெரியும். எஸ்டேட் என்பது இந்த நாட்டில் மறைந்துகொண்டிருக்கும் சாதி. டொயோட்டா அவென்சிஸ் 2018இல் போனது. வோக்ஸோல் இன்சிக்னியாவும் ஃபோர்ட் மொண்டியோவும் 2022இல் போயின. யூலெஸ் விரிந்த அதே மாதத்தில் வொல்வோ கூட பிரித்தானியாவில் எஸ்டேட் விற்பதை நிறுத்தியது. எஸ்டேட் என்றாலே நினைவுக்கு வரும் கம்பெனி அது! அடுத்த வருடமே மனம் மாறித் திரும்பக் கொண்டுவந்தார்கள், அது வேறு கதை. ஆனால் எங்கள் வீட்டில் ஏறி இறங்கும் சாமான்களை நினைத்தால் எனக்கு எஸ்டேட்டைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. 20 கிலோ சம்பா அரிசி மூடைகள். ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும் அண்டாக்கள். கொழும்பு போகிற சொந்தக்காரரின் 30 கிலோப் பெட்டிகள். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா மேடைக்கான மரப்பலகைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, மகளின் வீணை.

காரின் பின்பக்கச் சாமான் அறையைப் பூட் என்பார்கள், அதன் கொள்ளளவை லீட்டரில் சொல்வார்கள். அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? 200 மில்லிமீட்டர் நீளம், 100 அகலம், 50 உயரம் உள்ள, சரியாக ஒரு லீட்டர் கொண்ட கட்டைகளை பூட்டுக்குள் அடுக்கிப் பார்த்து எண்ணுகிறார்கள். ஓரத்து மூலை, தரைக்கு அடியில் உள்ள பள்ளம், சக்கர மேட்டின் பின்னால் உள்ள இடுக்கு என்று எல்லாம் கணக்கில் சேரும். வீணையோ ஒரே துண்டு. நாலடிக்கு மேல் நீளம், ஒரு பக்கம் குடம், மறுபக்கம் சுரைக்காய், இரண்டையும் சேர்த்து மூடும் கனத்த பெட்டி. அது லீட்டர் பார்த்துப் படுக்காது. பூட்டின் மூலைக்கு மூலை எவ்வளவு என்பதுதான் அதற்குக் கணக்கு.

ஆகவே நான் கார் பார்க்கப் போன இடமெல்லாம் வீணைப் பெட்டியையும் கொண்டுபோனேன். வெறும் பெட்டிதான், வீணையை வீட்டில் வைத்துவிட்டு. (வீணையோடு போக மகள் விடவில்லை.) விற்பனையாளர்கள் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் உள்ளே என்ன வாத்தியம் என்று கேட்டு, தானும் செல்லோ வாசிப்பதாகச் சொல்லி, தூக்கி வைக்க உதவினார். அவரிடம் கார் வாங்கவில்லை, ஆனால் நல்ல மனிதர்.

நிசான் கஷ்காயின் பூட் 430 லீட்டர். அதில் பெட்டியை வைக்கப் பின் சீட்டின் ஒரு பகுதியை மடக்க வேண்டியிருந்தது. அதாவது வீணை வந்தால் ஒரு பிள்ளை வர முடியாது. ஸ்கோடா ஒக்டாவியா எஸ்டேட் 610 லீட்டர், தாராளமாகப் போனது. ஹொண்டா சிவிக் டூரர் 624 லீட்டர். அதன் பெற்றோல் தாங்கி முன் சீட்டுகளுக்கு அடியில் இருப்பதால் பின் தரை நன்றாகத் தாழ்ந்திருக்கிறது. ஸ்விண்டனில் செய்த கார், அந்தத் தொழிற்சாலையே 2021இல் மூடப்பட்டுவிட்டது. டொயோட்டா ஓரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் 530 லீட்டர். எண்ணைப் பார்த்து அதை ஏறக்குறையக் கழித்தே விட்டிருந்தேன். ஆனால் பெட்டி குறுக்காக, மட்டுமட்டாக, சீட் எதையும் மடக்காமல் உள்ளே போய்விட்டது. ஸ்கோடா சூப்பர்ப் 660 லீட்டர், வீணையோடு வித்துவானும் படுக்கலாம். ஆனால் 4.85 மீட்டருக்கு மேல் நீளம். எங்கள் தெருவில் அந்த நீளத்துக்கு இடம் கிடைத்தால் அன்று லொத்தர் டிக்கெட்டும் வாங்க வேண்டும்.

இன்னொன்று, பூட்டின் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. விளம்பரங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. எஸ்.யூ.வி.யில் அரிசி மூடையை இடுப்புக்குக் கிட்டத் தூக்க வேண்டும், எஸ்டேட்டில் தொடை அளவில் வைத்துத் தள்ளினால் போய்விடும். ஐம்பதைத் தொடப்போகும் என் நாரிக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

ஆனால் மாமியின் முழங்காலுக்குக் கணக்கு நேர் எதிர். எஸ்.யூ.வி. சீட்டில் அவர் நின்ற நிலையிலிருந்து அப்படியே அமர்ந்துவிடுகிறார், எஸ்டேட்டில் கீழே இறங்கி உட்கார்ந்து, எழும்பும்போது கதவைப் பிடித்து இழுத்து எழும்ப வேண்டும். கஷ்காயில் ஏறியதும் "இது வடிவாக் கிடக்கு, தம்பி" என்றார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பாதி வாக்கு அங்கேயே விழுந்துவிட்டது. நான் என் பக்க நியாயத்தைச் சொன்னேன்: மாமி காரில் ஏறுவது வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் வைத்தியரிடமும், சாமான் ஏறுவது நாள்தோறும். சீட்டின் மேல் வைக்க ஒரு சுழலும் மெத்தை விற்கிறார்கள், காலைத் தூக்காமல் திரும்பி அமரலாம். பூட்டின் விளிம்பைத் தாழ்த்த அப்படி எதுவும் விற்பதில்லை. வாதம் எடுபட்டது, மெத்தையும் வாங்கியாயிற்று.

அடுத்த கேள்வி எரிபொருள். இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: வருடத்தில் ஒரு முறை போகும் பாரிஸ் பயணத்தை மனதில் வைத்துக் கார் வாங்கக் கூடாது. செவ்வாய்க்கிழமையை மனதில் வைத்து வாங்க வேண்டும். எங்கள் செவ்வாய்க்கிழமை என்பது பள்ளிக்கூடம், ரயில் நிலையம், சுப்பர்மார்க்கெட், வீணை வகுப்பு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைல், எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவோம். முன்பு நான் மில்டன் கீன்ஸில் வேலை செய்தபோது நாள்தோறும் எம்1 மோட்டர்வேயில் ஓடினேன், அப்போது டீசல் சரியாக இருந்தது. வேலை வீட்டுக்கு வந்தபின் அதே காரின் டி.பி.எஃப். அடைக்கத் தொடங்கியது. அது புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி. சேர்ந்த கரியை எரிக்க அதற்குள் ஏறக்குறைய 600 பாகை வெப்பம் வேண்டும், அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். மூன்று மைல் ஓட்டத்தில் கரி சேரும், எரியாது. மஞ்சள் விளக்கு வரும். அந்த விளக்கை அணைப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எம்25 பக்கம் போய் வருவேன். நாயை நடக்கக் கூட்டிப் போவார்களே, அப்படி. யூரோ 6 டீசல் யூலெஸ் கட்டணத்துக்குத் தப்பும், இந்த நோய்க்குத் தப்பாது. டீசல் வேண்டாம்.

பெற்றோலில் சின்ன டர்போ எஞ்சின்கள் நிறைய. அவற்றில் சிலவற்றில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் எஞ்சின் எண்ணெய்க்குள் மூழ்கி ஓடுகிறது. ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ சித்ரோன் கார்களின் 1.2 பியூர்டெக் இரண்டின் முந்தைய வடிவங்களும் அப்படித்தான். எண்ணெய் பட்டுப் பட்டு பெல்ட் உதிரும்போது அந்தத் துகள் போய் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும், எண்ணெய் அழுத்தம் விழும், எஞ்சின் போகும். பியூர்டெக்குக்கு அதன் உற்பத்தியாளரே பிறகு பத்து ஆண்டுகள் வரை காப்பு நீட்டினார்கள். தவறாமல் எண்ணெய் மாற்றி, பெல்ட்டையும் காலத்தில் மாற்றியிருந்தால் நன்றாகவே ஓடும். ஆனால் பாவித்த காரில் முந்தைய ஆள் தவறாமல் மாற்றினாரா என்பதுதானே கேள்வி. கழித்தேன். ஒக்டாவியாவின் 1.4, 1.5 எஞ்சின்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மனைவிக்கு ஓட்டோமட்டிக் வேண்டும், அந்தக் கார்களில் பெரும்பாலும் வருவது உலர் கிளட்ச் கொண்ட, டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர்ப் பெட்டி. மெதுவான நெரிசலில் அரை அடி அரை அடியாக நகரும் லண்டன் ஓட்டத்துக்கு அது பொருத்தமில்லை என்பது என் எண்ணம். சிவிக் டூரரின் 1.8 பெற்றோல் நல்ல எஞ்சின், ஓட்டோமட்டிக்கும் உண்டு. ஆனால் விற்பனைக்கு வருவதே அபூர்வம், வந்தால் நியூகாசிலில் வருகிறது. மஸ்டா 6 டூரர் அழகான கார், வரி கூட.

மிஞ்சியது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். புதிய கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் 1.8இன் பூட் 596 லீட்டர், எல்லாவிதத்திலும் அதுதான் சரி, ஆனால் என் 13,000 பவுணுக்குள் அப்போது அடங்கவில்லை. கணினிச் சில்லுத் தட்டுப்பாட்டுக்குப் பின் பாவித்த கார் விலை இன்னும் இறங்காத காலம் அது. அதன் முந்தைய தலைமுறைதான் ஓரிஸ். டார்பிக்கு அருகே பேர்னஸ்டனில் செய்யப்பட்டது. எண்ணெய்க்குள் பெல்ட் இல்லை, சங்கிலி. கிளட்ச் இல்லை. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஒல்ட்டர்னேட்டர் இல்லை. அந்த வேலையை உள்ளே இருக்கும் இரண்டு மின்மோட்டார்களே பார்க்கின்றன. தண்ணீர்ப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் அதற்கும் பெல்ட் கிடையாது. ஒரு காரில் இல்லாத பாகம் பழுதாகாது.

ஹைபிரிட் என்று முடிவானதும் ஈஸ்ட்ஹாமில் மினிகாப் (முன்பதிவு வாடகைக் கார்) ஓடும் ஒரு அண்ணைக்கு அழைத்தேன். பல வருடமாக ஹைபிரிட்டிலேயே ஊரைச் சுற்றுபவர். அவர் முதலில் சொன்னது, "தம்பி, நீ வாங்கப் போறது நான் வித்த காரா இருக்கக்கூடாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விஷயம் அதுதான். லண்டனில் பாவித்த ஹைபிரிட் என்றால் அதில் கணிசமானவை மினிகாப் ஓடியவை. விளம்பரத்தில் அதை எழுதமாட்டார்கள். கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி அருமையானது: எம்.ஓ.டி., அதாவது கார் வீதிக்குத் தகுதியா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை, அதன் சரித்திரத்தைப் பார். சாதாரணக் காருக்கு மூன்று வயதில் தொடங்கி வருடத்துக்கு ஒரு சோதனை. லண்டன் மினிகாப்புக்கு வருடத்துக்கு இரண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தேதி வரிசையாக நின்றால் அந்தக் காரின் தொழில் தெரிந்துவிடும்.

எம்.ஓ.டி. சரித்திரத்தை அரசின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், கார் இலக்கம் ஒன்றே போதும். நேரில் போவதற்கு முன், டீலரிடம் பேசுவதற்கு முன், இரவு தேநீரோடு இருந்து இதைத்தான் பார்ப்பேன். மனைவி நான் நாடகத் தொடர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அதைவிடச் சுவாரசியம். ஒவ்வொரு சோதனையின்போதும் எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் தவறியது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் எல்லாம் அதில் இருக்கும். 2018 மே மாதத்துக்குப் பின் குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரித்தும் போடுகிறார்கள்.

பாஸ், பெயில் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கவனக் குறிப்புகள். ஒரு ஒக்டாவியாவில் 2021இல் "முன் டயர் தேய்ந்து சட்ட எல்லையை நெருங்குகிறது", 2022இலும் அதே குறிப்பு, 2023இல் அந்த டயரால் பெயில், அதே நாளில் திரும்பப் பாஸ். சட்ட எல்லை 1.6 மில்லிமீட்டர். கடைசி மில்லிமீட்டர் வரை இழுத்தடிக்கும் ஆள் எஞ்சின் எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா? பளபளவென்று மினுக்கி வைத்திருந்தார்கள், போகவே இல்லை. இன்னொரு காரில் ஒரு வருடம் "பிரேக் பாட் மெலிந்துள்ளது" என்று இருக்கும், அடுத்த வருடம் சுத்தம். சொன்னதைக் கேட்டுச் செய்த மனிதர். நான் தேடியது அப்படிப்பட்ட ஒருவரின் காரை.

கோவிட் காலத்தையும் இதில் பார்க்கத் தெரிய வேண்டும். 2020 மார்ச் 30இலிருந்து ஜூலை 31 வரை காலாவதியாகவிருந்த எம்.ஓ.டி.களுக்கு அரசே ஆறு மாதம் நீட்டிப்புக் கொடுத்தது. ஆகவே அந்த வருடத்தில் 18 மாத இடைவெளி தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. ஆனால் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த அந்த வருடத்தில் ஒரு கார் மட்டும் 20,000 மைல் ஓடியிருந்தால், அது என்ன வேலைக்குப் போனது என்று கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று: எம்.ஓ.டி. என்பது எஞ்சினையும் கியர்பெட்டியையும் உள்ளே திறந்து பார்க்கும் சோதனை அல்ல. பிரேக், டயர், விளக்கு, துரு, புகை போன்றவைதான். "போன வாரம்தான் எம்.ஓ.டி. எடுத்தது, அண்ணா" என்று சொல்பவரிடம் சேர்விஸ் புத்தகத்தைக் கேளுங்கள்.

நேரில் பார்த்தபோது, அண்ணை சொன்னபடி முதலில் பின் இடது கதவைத் திறந்தேன். மினிகாப் பயணி ஏறுவது பெரும்பாலும் நடைபாதைப் பக்கம்தான். ஓட்டுநர் சீட்டைவிடப் பின் இடது சீட் தேய்ந்திருந்தால், கதவடியில் சப்பாத்துக் கீறல் நிறைந்திருந்தால், கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கழற்றிய தடம் இருந்தால் அப்படியே கும்பிட்டுவிட்டு வரலாம். ஒரு கார் இந்த மூன்றிலும் தேறவில்லை. "ஒரே உரிமையாளர்" என்று விளம்பரம். பொய்யில்லை, ஒரே உரிமையாளர்தான்.

ஓரிஸில் பெரிய பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிரவைக்கும் காற்று சீட்டோரத்தில் உள்ள ஒரு சிறு துவாரத்தின் வழியாகத்தான் போகிறது. அதற்குள் நாய் மயிரும் தூசியும் அடைத்திருந்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் விற்பனையாளர் கொஞ்சம் மரியாதையாகப் பேசத் தொடங்கினார். அப்புறம் பிரேக் வட்டுகள். இந்தக் கார்கள் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் வழியாகவே சக்தியைத் திரும்ப எடுப்பதால் உராயும் பிரேக்குக்கு வேலை குறைவு, வேலை குறைந்தால் துரு கூடும். பின் வட்டுகளில் துரு இருந்தது, அதைச் சொல்லியே விலையில் கொஞ்சம் குறைத்தேன். காரை முந்தின இரவிலிருந்து கிளப்பாமல் வைக்கச் சொல்லிவிட்டுக் காலையில் போனேன். நிறைய ஓடிய எஞ்சின்களில் எரிந்த புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். குழாய் கரியால் அடைவதுண்டு. குளிரில் கிளப்பும்போது எஞ்சின் உதறினால் கவனிக்க வேண்டும். உதறவில்லை.

காருக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திருட்டு லண்டனில் தெரிந்த தொழில், ஹைபிரிட் கார்கள்தான் அவர்களுக்குப் பிடித்த இரை. அதற்குள் இருக்கும் பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களுக்காக அறுத்துக்கொண்டு போகிறார்கள். ஹைபிரிட்டில் எஞ்சின் குறைவாக ஓடுவதால் அந்த உலோகம் அதிகம் கெடாமல் இருக்குமாம். நான் பார்த்த காரில் அசல் பாகமே இருந்தது, அதை மூடிக் காக்கும் பூட்டுத் தகடு இல்லை. வாங்கியதும் முதலில் செய்த செலவு அந்தத் தகடு போட்டதுதான்.

இனி வரி. இதை யாரும் சொல்லாததால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2017 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் பதிவான காருக்குப் புகை அளவின்படி வீதி வரி. கிலோமீட்டருக்கு 100 கிராமுக்குள் கரியமில வாயு விட்டால் அப்போது வரியே இல்லை, ஓரிஸ் ஹைபிரிட் அதற்குள் அடங்கும். அந்தத் தேதியிலோ அதற்குப் பின்னரோ பதிவான அதே காருக்கு 2023இல் வருடத்துக்கு 170 பவுண். ஒரே கார், ஒரே தொழிற்சாலை, ஒரு நாள் வித்தியாசம். 2025 ஏப்ரலில் விதி மாறியபோதும் முதல் வகைக்கு 20 பவுண்தான், இரண்டாம் வகைக்கு 195 ஆனது. "17" இலக்கத் தகடு 2017 மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை கொடுக்கப்பட்டதால் அதை மட்டும் பார்த்தால் தெரியாது, லொக் புக் என்ற பதிவுப் பத்திரத்தில் பதிவுத் தேதியைப் பார்க்க வேண்டும். "66" தகடு என்றால் கவலையில்லை. நான் வாங்கியது "66". ஐம்பதாயிரம் மைலுக்குச் சற்றுக் குறைவு.

டொயோட்டாவை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. பத்து வயது அல்லது 100,000 மைல் ஆகும்வரை, அவர்களின் டீலரிடம் செய்யும் ஒவ்வொரு சேர்விஸுக்கும் ஒரு வருடம் அல்லது 10,000 மைல் உத்தரவாதம் சேர்ந்து வருகிறது. முந்தைய ஆள் வெளியே சேர்விஸ் செய்திருந்தாலும் சரி. பற்றரிக்குத் தனியாகச் சோதனை உண்டு, அதை வருடாவருடம் செய்தால் பதினைந்து வயது வரை காப்பு. வெளிக் கராஜைவிடக் காசு கூடத்தான். ஆனால் பாவித்த காரில் நிம்மதிக்கு விலை போட்டால் அது பெரிய காசில்லை.

தனியாரிடம் வாங்கினால் சில நூறு பவுண் மிச்சம் பிடிக்கலாம். நான் டீலரிடமே போனேன். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி டீலரிடம் வாங்கிய காரில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாம். அதன் பின்னும் ஆறு மாதம் வரை, குறை விற்கும்போது இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. தனியாரிடம் வாங்கினால் அவர் சொன்னபடி கார் இருக்கிறதா என்பதோடு சரி. இன்னொன்று, முற்பணத்தை மட்டுமாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளில் ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் கார்டு கம்பெனியையும் பொறுப்பாளியாக்குகிறது. டீலர் கடையைப் பூட்டிவிட்டுப் போனாலும் கேட்க ஒரு இடம் இருக்கும். நான் முற்பணத்தைக் கார்டில் கட்டி, மிச்சத்தை வங்கியில் அனுப்பினேன். அதற்கு முன் எச்.பி.ஐ. சோதனை. கார் மீது கடன் நிற்கிறதா, விபத்தில் சிக்கி எஸ் (கட்டமைப்புச் சேதம்) அல்லது என் (மற்றச் சேதம்) வகையில் காப்புறுதிக் கம்பெனியால் கழிக்கப்பட்டதா என்று அது சொல்லும். லொக் புக்கில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார், கார்க் கடன் தீரும்வரை கடன் கொடுத்த கம்பெனிக்குத்தான் கார் சொந்தம்.

இப்போது இரண்டு வருடமாக ஓடுகிறது. கேலனுக்கு 55 மைல் வாக்கில் கொடுக்கிறது, அதாவது லீட்டருக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். பழைய டீசல் இதே தெருக்களில் இதற்குக் கிட்டவும் வரவில்லை. குறைகளும் உண்டு. மோட்டர்வேயில் ஏறும்போது காலை அழுத்தினால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும், கார் ஆறுதலாகத்தான் வேகம் பிடிக்கும். மகன் அதற்குத் தம்புரா என்று பெயர் வைத்திருக்கிறான். பின் சீட்டில் மூன்று பேர் அமர்ந்தால் நடுவில் இருப்பவருக்கு நல்ல குணம் வேண்டும். பாரிஸ் போகும்போது பெட்டிகளைக் குறைக்க வேண்டியிருக்கிறது, திரும்பும்போது லா ஷப்பேலில் வாங்கிய சாமானுக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. மாமி சுழலும் மெத்தையில் திரும்பி அமர்ந்துகொள்கிறார். முதல் நாள் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு, "இது மினிகாப்காரர் ஓடுற கார் எல்லோ?" என்று கேட்டார். வண்டியின் நம்பகத்தன்மைக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டாம் என்று நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் லெஸ்டரில் இருக்கும் மச்சான் அழைத்து, தானும் டீசலை விற்று ஹைபிரிட் எடுக்கப்போவதாகச் சொன்னார். அவருடையது 2017ஆம் ஆண்டு யூரோ 6 எஸ்டேட். லெஸ்டரில் அப்படியொரு கட்டணமும் இல்லை, இருந்தாலும் யூரோ 6க்கு வராது. தினமும் எம்1இல் நொட்டிங்ஹாம் போய் வருகிறார், டி.பி.எஃப். அவரிடம் சந்தோஷமாக இருக்கும். வீட்டில் மூன்று பிள்ளைகள், 600 லீட்டருக்கு மேல் பூட். மோட்டர்வேயில் சீரான வேகத்தில் ஓடும்போது ஹைபிரிட்டின் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும், அது மிச்சம் பிடிப்பது நின்று நின்று போகும் தெருவில்தான். கார் இலக்கத்தைக் கேட்டு எம்.ஓ.டி. பார்த்தேன்: பின் டயர் இரண்டும் தேய்ந்திருக்கிறது என்று குறிப்பு. அதை மாற்றிவிட்டு இன்னும் நாலு வருடம் ஓட்டுங்கோ என்றேன். அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை.